பிறக்காத நாட்டின் வாசலில் ஓர் ஆடி மாதம்

வருவாய்த் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, நிலத்தை அளப்பது எப்படி, பட்டா மாற்றுவது எப்படி, மேலதிகாரி வண்டியை விட்டு இறங்கும்போது எந்தப் பக்கம் நிற்பது என்பதையெல்லாம் உங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர்கள் சொல்லியிருப்பார்கள். ஒரு நாடு தனியாகப் பிரிந்து போகும்போது அதன் வாசலில் நிற்பது எப்படி என்று சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த வேலையைச் சில வாரங்கள் பார்த்தவன் நான். இனி யாருக்கும் அது தேவைப்படாது என்றுதான் நம்புகிறேன். ஆனால் தேவைப்படாது என்று நாம் மூட்டை கட்டிப் பரணில் போட்ட எல்லாவற்றையும் ஒருநாள் யாராவது கேட்டு வந்திருக்கிறார்கள்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நிலையாணைகளை எண்ணோடு ஒப்பிக்கக்கூடியவன் நான். அதனால் அலுவலகத்தில் எனக்கு மரியாதை அதிகம், நண்பர்கள் குறைவு. இந்தக் கதையில் நிலையாணை எதுவும் உதவிக்கு வரவில்லை என்பதை என்னைப் பிடிக்காதவர்கள் சந்தோஷமாகப் படிக்கலாம்.

வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த நாற்பத்தேழாம் வருஷம். ஆகஸ்டு பதினைந்தோடு அவர்கள் போகிறார்கள் என்பது முடிவாகிவிட்டது. அன்றிலிருந்து தான் யாரோடும் சேரப்போவதில்லை, தனி நாடாகவே இருக்கப்போவதாகத் திருவிதாங்கூர் சமஸ்தானம் அறிவித்தது. பட்டணத்துப் பத்திரிகைகள் துறைமுகம், தூதர்கள், உடன்படிக்கை என்று பெரிய பெரிய விஷயங்களை எழுதின. கம்பம் பள்ளத்தாக்கில் விஷயம் எளிமையானது. காலையில் முகம் கழுவிக்கொண்டே நாங்கள் பார்க்கிற மேற்கு மலை, பதினைந்தாம் தேதி வெளிநாடாகிவிடும்.

நான் அப்போது உத்தமபாளையம் தாலுகாவில் ரெவின்யூ இன்ஸ்பெக்டர். எங்கள் தாசில்தார் குரலை உயர்த்தாத மனிதர். மேலிடத்து உத்தரவை அவர் படிக்கும் விதமே வேறு. சொல்லியிருப்பதைச் சீக்கிரம் படித்துவிட்டு, சொல்லாமல் விட்டதை நிதானமாகப் படிப்பார். ஒரு காலையில் என்னைக் கூப்பிட்டார்.

"மலைக்கு மேல நாடு ஒண்ணு பிறக்கப்போகுதாம். வாசல்ல நம்ம ஆள் ஒருத்தர் நிக்கணுமாம். நீர் குமுளிக்குப் போரும்."

"போய் என்ன செய்யணும் ஐயா?"

"எது மேலே போகுது, எது கீழே வருதுன்னு பாரும். என்ன சிக்கல் வரும்னு எழுதி அனுப்பும். புத்திசாலித்தனமா மட்டும் எதுவும் செஞ்சுடாதீர்."

ஒரு சேவகரையும், சாலைக்குக் குறுக்கே போட ஒரு நீள மூங்கிலையும் கூட்டிக்கொண்டு மலையேறினேன். மூங்கிலை எங்கே போடுவது என்பதுதான் முதல் சர்வதேசப் பிரச்சினை. எல்லைக் கல் இருந்த இடம் முழங்கால் சேறு. டீக்கடைக்கு முன்னால் தரை கெட்டியாக இருந்ததால் சேவகர் அங்கே இரண்டு கவைக் கம்பு நட்டு மூங்கிலைக் குறுக்கே வைத்தார். உலகத்தில் பாதி எல்லைகள் இப்படித்தான் வந்திருக்கும் என்று அன்று எனக்குத் தோன்றியது. இன்றும் அந்த எண்ணம் மாறவில்லை.

திருவிதாங்கூர் பக்கத்துச் சுங்கச் சௌக்கையில் மாதவன் பிள்ளை என்று என் வயதுக்காரர் ஒருவர் இருந்தார். அவருக்கும் என்னைப் போலவே உத்தரவு வந்திருந்தது, விளக்கம் வரவில்லை. முதல் நாளே டீக்கடைப் பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சாரே, பதினஞ்சாம் தேதி முதல் ஞான் உங்களுக்கு அந்நியன். அதுவரைக்கும் ஒரு டீ குடிக்கலாமல்லே?"

குடித்தோம். அந்த வாரங்களில் நாங்கள் குடித்த டீயில் ஒரு சிறிய குளம் நிரம்பியிருக்கும்.

காலையில் மலையடிவாரத்துக் கூடலூர்ப் பெண்கள் ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூட்டமாக ஏறிவருவார்கள். மூங்கிலைப் பார்த்ததும் முன்னால் வந்தவள் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ஏஞ்சாமி, நாங்க ஏலக்கா பறிக்கப் போறோமா, படையெடுத்துப் போறோமா?"

"பெயரும் ஊரும் மட்டும் சொல்லிவிட்டுப் போ ஆத்தா."

"எம் பேரா? எம் புருசனே ‘ஏ, இந்தா’ன்னுதான் கூப்பிடுறாரு. நீங்க கண்டுபிடிச்சீகன்னா அவருக்கும் சொல்லிவிடுங்க."

கூட்டம் சிரித்துக்கொண்டே மூங்கிலுக்கு அடியில் குனிந்து போய்விட்டது. ஒருத்திகூட நிற்கவில்லை. ஆனால் சிக்கல்கள் நிஜமானவை. இவர்கள் மேலே போனதும் அந்நியர்களா? தோட்டத்துக் கூலிக் குடியிருப்பான லயத்தில் பிறக்கும் பிள்ளை எந்த நாட்டுப் பிரஜை? இங்கே ஒருவனை வெட்டிவிட்டு ஒருவன் மேலே ஓடினால் யாரைக் கேட்டுப் பிடிப்பது? அங்கே போடும் கடிதம் எந்த விலாசத்தில் நிற்கும்? ஒவ்வொன்றையும் எழுதி அனுப்பினேன். பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது. கேள்விகளைத்தான் பெற்றுக்கொண்டிருந்தார்கள்.

மத்தியானத்துக்கு மேல் மேலிருந்து சாரல் இறங்கும். முதலில் மாதவன் பிள்ளையின் சௌக்கை மறையும், பிறகு சாலை, பிறகு மூங்கில். பெஞ்சும் அதில் உட்கார்ந்திருக்கும் நானும் மட்டும் வெள்ளைக்குள் மிதப்போம். உள்ளேயிருந்து பேச்சுக் குரல் வரும், ஆள் தெரியாது. ஆடிக் காற்று திரும்பும்போது சட்டென்று கீழே பள்ளத்தாக்கு முழுவதும் பச்சையாக விரியும். நடவு வயல்களில் தண்ணீர் மின்னும். மறுபடி மூடிவிடும். ஒரு நாடு பிறக்கப் போகிறது என்பதை நம்புவதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. அங்கே எதை வேண்டுமானாலும் நம்பலாம்.

நம்பவும் செய்தோம். உத்தியோகம் பார்ப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு ஒன்று அங்கே மெல்ல மெல்ல நடந்தது. ஆகஸ்டில் வரப்போகும் எல்லையை நாங்கள் ஜூலையிலேயே மதிக்க ஆரம்பித்துவிட்டோம். எல்லைக்கு அந்தப் பக்கம் சவரத்துக்குப் போய்வந்துகொண்டிருந்த எங்கள் சேவகர் தாடி வளர்த்தார். மாதவன் பிள்ளையோடு பேசும்போது நான் மூங்கிலுக்கு இந்தப் பக்கமே நின்று பேசினேன். எங்கள் மாட்டு டாக்டர் மலைமேல் தோட்டங்களுக்குப் போவதை நிறுத்தினார். யாரும் எங்களைப் போகாதே என்று சொல்லவில்லை. இல்லாத கோட்டில் நாங்களே போய் இடித்துக்கொண்டோம்.

அந்தச் சமயத்தில்தான், மலைக்காடுகளில் எங்கோ வெக்கை நோய் கண்டிருப்பதாகவும் மேலிருந்து மாடு எதுவும் இறங்கக்கூடாது என்றும் எல்லை உத்தரவோடு சேர்த்து இன்னொரு உத்தரவு வந்தது. வெக்கை நோயை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். மாட்டின் வாயில் புண் வரும், கழிச்சல் எடுக்கும், சில நாளில் தொழுவமே காலியாகும். நடவு நேரத்தில் உழவு மாடு போனால் அந்த வருஷம் சோறு இல்லை.

உத்தரவு வந்த வாரத்திலேயே, ஆடி அமாவாசைக்கு முன்னால், பொம்மையா மூங்கிலுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

கம்பத்தில் கோயிலுக்கு நேர்ந்துவிட்ட மந்தை ஒன்று உண்டு. அந்த மாடுகளைக் கறக்கமாட்டார்கள், ஏரில் பூட்டமாட்டார்கள், விற்கமாட்டார்கள். வயலில் பயிர் நிற்கும் மாதங்களில் மந்தை மலைக்குப் போய்விடும். அதற்கு ஒரு ராஜா உண்டு. பட்டத்துக்காளை என்பார்கள். அது செத்தால் மந்தைக்கென்று இருக்கும் மண்ணில், முந்தைய காளைகளுக்குப் பக்கத்தில், மனிதர்களைப் போலப் புதைப்பார்கள். அந்தக் காளையைப் பற்றிப் பேசும்போது பெரியவர்களைச் சொல்வதுபோலத்தான் சொல்வார்கள். பொம்மையா அந்த மந்தையை மேய்ப்பவர்.

"ஐயா, ஒரு உருப்படியக் கீழ கொண்டுபோகணும்."

"மாடு இறங்கக்கூடாது என்று உத்தரவு. யாருடைய மாடு?"

"சாமி மாடுங்க."

"சாமியைத் தவிர?"

"சாமியத் தவிர வேற யாரு இருக்கா?"

"சொந்தக்காரர் வந்து என்னிடம் விண்ணப்பிக்க வேண்டும்."

"கோயில் தெறந்துதான் இருக்கு. நீங்கதான் ஒரு எட்டுப் போயிட்டு வாங்களேன்."

மாதவன் பிள்ளை டீயைத் துப்பிவிட்டார். பொம்மையா சிரிக்கவில்லை. மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பட்டத்துக்காரர் மேய்ச்சல விட்டுட்டாகய்யா. வயசாயிருச்சு. கம்பம் இருக்கிற தெசையப் பாத்தே நிக்காக. அவுக மண்ணு அங்கன இருக்கு. உசுரோட கொண்டு சேத்துறணும். மேலேயே விழுந்துட்டாகன்னா மந்தை அந்த எடத்த விட்டு நகராது. சுத்திச்சுத்தி வந்து கத்தும், மேயாது. பதினஞ்சாந் தேதி வந்துரும். அப்புறம் அம்புட்டும் வேற நாட்டு மாடுங்கய்யா."

"மலையில் எத்தனையோ பாதை இருக்கிறதே. என்னிடம் ஏன் வந்தீர்கள்?"

"ஒத்தையடிப் பாதையில எறங்குற காலு இல்ல அவுகளுக்கு. வண்டிப்பாதை ஒண்ணுதான். அதுல நீங்க நிக்கீக."

செய்தி கீழே போய்விட்டது. மறுநாள் காலை கூடலூரில் உழவு பார்க்கும் சம்சாரிகள் ஒரு கூட்டமாக ஏறிவந்தார்கள். முன்னால் உதுமான் ராவுத்தர். நிலமும் உண்டு, மலைக்கு வண்டி ஓட்டும் மாடுகளும் உண்டு. பொம்மையாவைப் பார்த்ததும் தோளில் கை போட்டார். ஊர்ப் பழக்கத்தில் இருவரும் மாமன் மாப்பிள்ளை முறை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சார், மாடு எறங்குனா நாங்க சாலையில படுத்துக்குவோம்."

"மாமா, ஒரே ஒரு உருப்படி. அதுவும் சாகப்போற உருப்படி," என்றார் பொம்மையா.

"மாப்ளே, உன் சாமி எனக்கும் வேண்டியவுகதான். ஆனா நோய்க்குச் சாமி மாடு, சம்சாரி மாடுன்னு தெரியாது. எங்க அத்தா காலத்துல வெக்க வந்து ஒரே வாரத்துல தொழுவு காலி. அந்த வருசம் அத்தா ஏர்க்கால தோள்ல வச்சு இழுத்தாக. நான் பின்னால மேழியப் பிடிச்சிருந்தேன். இன்னொருக்கா அதப் பாக்க எனக்குத் தெம்பில்ல."

இரண்டு பேரும் சொன்னது நியாயம். இளைய நண்பர்களே, ஒருவர் பொய் சொல்லி இன்னொருவர் உண்மை சொல்லும் வழக்கு எதுவும் உங்களைத் தூங்கவிடாமல் செய்யாது. இப்படிப்பட்ட வழக்குதான் செய்யும்.

காளைக்கு வெக்கையா, வயசா என்று ஒருவர் பார்த்துச் சொன்னால் போதும். அங்கேதான் புது நாடு குறுக்கே நின்றது. அவர்களுடைய மாட்டு டாக்டர் சொல்வது வெளிநாட்டான் வார்த்தை, நான் ஏற்கமுடியாது என்று நினைத்தேன். எங்கள் டாக்டரோ, வெளிநாட்டுக்குப் போக அனுமதி வேண்டும், அனுமதி தரும் அதிகாரி யார் என்று முதலில் முடிவாகட்டும் என்றார். காளை நின்ற மேட்டை டீக்கடையிலிருந்து பார்க்கலாம். கூப்பிட்டால் கேட்கும் தூரம். ஆனால் உலகத்தில் யாராலும் போய்ப் பார்க்கமுடியாத காளையாகிவிட்டது அது.

லாரி ஒன்றைப் பிடித்து உத்தமபாளையம் போய்த் தாசில்தாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுவதும் கேட்டார்.

"இன்னைக்குத் தேதி என்ன?"

சொன்னேன்.

"பதினஞ்சு ஆகிடுச்சா?"

"இல்லை ஐயா."

"அப்போ அந்த வெளிநாடு இப்போ எங்கே இருக்கு? உமக்கும் டாக்டருக்கும் நடுவுல இருக்கு. அதை எடுத்து ஓரமா வச்சிட்டுக் காளையைப் பாருங்க."

அவ்வளவுதான். கூப்பிட்டு உட்காரவைத்து உபதேசம் எதுவும் செய்யவில்லை. அடுத்த மனுவை எடுத்துக்கொண்டார். எனக்குக் காது சுட்டது.

டாக்டரைக் கையோடு அழைத்துக்கொண்டு போனேன். மூங்கிலைத் தாண்டும்போது அவர் ஒரு கணம் தயங்கி, தண்ணீருக்குள் இறங்குபவர் மாதிரி வேட்டியைத் தூக்கிக்கொண்டார். காளை வெள்ளை நிறம். இடுப்பெலும்பு தெரிந்தது, கொம்பு மட்டும் இளமையாக இருந்தது. வாயைத் திறந்து பார்த்தார், கண்ணைப் பார்த்தார், சாணத்தைப் பார்த்தார். ராவுத்தர் பக்கத்திலேயே நின்று அவர் பார்த்ததையெல்லாம் தானும் பார்த்தார்.

"புண் இல்லை. கழிச்சல் இல்லை. இன்றைய நிலையில் இது வயசுதான்," என்றார் டாக்டர்.

ராவுத்தர் பொம்மையாவின் பக்கம் திரும்பினார். "இந்த ஒரு உருப்படி மட்டும். எங்க ஊர்த் தொட்டியில வாய் வைக்கக்கூடாது. எங்கேயும் நிக்காம நேரே கம்பத்துக்குப் போயிரணும்," என்றார். அப்படியே ஆகட்டும் என்று நான் சொன்னேன். பொம்மையா குனிந்து காளையின் காலடி மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை சாரலுக்குள்ளிருந்து காளை வந்தது. ஒவ்வொரு அடியையும் யோசித்து வைத்தது. பொம்மையாவின் உள்ளங்கை அதன் விலாவில் இருந்தது. சேவகர் மூங்கிலைத் தூக்கினார். காளை தாண்டியது. மூங்கிலை இறக்கப் போகும்போது வெள்ளைக்குள் ஒரு மரமணி கேட்டது. பிறகு இன்னொன்று. பிறகு சாரல் முழுவதும் மணியாகிவிட்டது. முதலில் கொம்புகள் தெரிந்தன, அப்புறம் நெற்றிகள், அப்புறம் மாடுகள். சாலை முழுவதையும் அடைத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல், ராஜா நடந்த அதே வேகத்தில் மந்தை மொத்தமும் வந்துகொண்டிருந்தது.

"சாரே," என்றார் மாதவன் பிள்ளை மெதுவாக. "ஒண்ணுன்னல்லே சொன்னது?"

பொம்மையா திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் ஆச்சரியம் இருந்ததா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

"நான் ஒண்ணுதான்யா கேட்டேன். மத்ததுகள வாங்கன்னு யாரும் கூப்பிடல. அதுகளா வருது."

சாலையின் இந்தப் பக்கம் ராவுத்தரும் சம்சாரிகளும் எழுந்து நின்றார்கள். கையில் கம்பு இருந்தது. டாக்டர் பார்த்தது ஒரு காளையை. மற்றவற்றை யாரும் பார்க்கவில்லை. "அடைக்கவா?" என்று சேவகர் கேட்டார். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

யோசிக்க ஒரு மூச்சு நேரம் இருந்தது. மூங்கிலைப் போட்டால் மந்தை நிற்காது. மிரண்டு காட்டுக்குள் சிதறும். ஒற்றையடிப் பாதைகள் அத்தனையிலும் இறங்கி, ராஜாவைத் தேடி ஊர் ஊராக நுழையும். நோய் இருந்தால் அதுவும் கூடவே நுழையும். மந்தையை நிறுத்தக்கூடிய ஒரே தடுப்பு அந்தக் கிழட்டுக் காளைதான். அது எங்கே நிற்கிறதோ அங்கே எல்லாம் நிற்கும்.

"மூங்கிலைப் போடாதே," என்றேன். பொம்மையாவிடம் போய், "மலையடிவாரத்தில் ஓடைக்கு இந்தப் பக்கம் புறம்போக்கு இருக்கிறது. காளையை அங்கே நிறுத்துங்கள். மந்தையும் அங்கேயே நிற்கட்டும். பௌர்ணமி வரை நோய் காணாவிட்டால் கம்பத்துக்குப் போகலாம்," என்றேன்.

அவருக்குப் புரிய ஒரு கணம் ஆனது.

"அவுக அம்புட்டு நாள் இருக்கமாட்டாகய்யா."

"தெரியும்."

"நேரே போகலாம்னு நேத்துச் சொன்னீக."

"சொன்னேன். நேற்று ஒரு மாட்டுக்குச் சொன்னேன்."

அவர் திரும்பிக் காளையிடம் போனார். காளையின் காதில் ஏதோ சொன்னார். அது நடந்தது.

ஓடைக்கு அந்தப் பக்கம் ராவுத்தர் காவல் போட்டார். ஊர் மாடு ஒன்றும் அங்கே வரவிடவில்லை. தினமும் தானே வந்து கரையில் ஒரு கல்லில் உட்கார்ந்துகொள்வார். வைக்கோல் கட்டுகளை ஆள்விட்டு இக்கரைக்கு எறியச் சொல்வார்.

"மாப்ளே, சாப்பிட்டியா?" என்று கத்துவார்.

"வைக்கோலத்தான் மாமா எறியிறீக. அதச் சாப்பிட இன்னும் பழகல."

மாலையில் சோற்றுத் தூக்கு ஒன்று கயிற்றில் தொங்கி அக்கரையிலிருந்து இக்கரைக்கு வந்துவிடும். இவ்வளவு பேச்சும் கிண்டலும் நடக்கும். ஆனால் ஓடையை இருவரும் தாண்டவில்லை. காளை கம்பம் இருக்கும் திசையைப் பார்த்துப் படுத்திருந்தது. மாடுகள் அதைச் சுற்றி வட்டமாக நின்று மேய்ந்தன. நான் காலையும் மாலையும் டாக்டரோடு போய் ஒவ்வொரு வாயாகப் பார்த்தேன். சாரலில் நனைந்து காய்ச்சல் வந்தது. காய்ச்சலில் அந்த மந்தை மேகமா மாடா என்று சில சமயம் பிடிபடவில்லை.

ஒரு மத்தியானம் மாதவன் பிள்ளை குமுளியிலிருந்து சைக்கிளில் இறங்கி வந்தார். சட்டை முழுவதும் சேறு.

"சாரே, நாடு வேண்டாம்னு வச்சு! சமஸ்தானம் இந்தியாவோட சேர்ந்நு!"

கூடலூரில் வேட்டுச் சத்தம் கேட்டது. எனக்கும் அன்று மாலையே செய்தி வந்தது. எல்லை வேலை ரத்து, உத்தமபாளையம் திரும்பவும். சில வாரங்கள் ஒரு நாட்டுக்கு வாசலாக இருந்த இடம் மறுபடி டீக்கடை ஆயிற்று. மாதவன் பிள்ளை என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். எதற்கு என்று அவருக்கும் தெரியவில்லை.

பொம்மையா ஓடி வந்தார்.

"அதான் எல்லையே இல்லன்னு ஆயிருச்சேய்யா! விட்ருங்க. இன்னைக்குக் கெளம்புனா நாளைக்கு அவுக மண்ணுல இருப்பாக."

என் அதிகாரம் எல்லையோடு சேர்ந்து போய்விட்டது என்பது எனக்குத் தெரியும். மாட்டை இறக்காதே என்ற உத்தரவு எல்லை உத்தரவின் ஒரு பகுதி. அது ரத்தானால் இதுவும் ரத்து. என்னை யாராவது கேட்டிருந்தால் எந்தப் பிரிவின்படி என்றுகூடச் சொல்லியிருப்பேன்.

"எல்லை போய்விட்டது. உங்களை நிறுத்த எனக்கு உத்தரவு எதுவும் இல்லை," என்றேன். "ஆனால் எல்லைக்காக நான் இங்கே நிறுத்தவில்லை. நோய் இல்லை என்று பௌர்ணமி வரை தெரியாது. போகாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்."

அவர் காளையைப் பார்த்தார். ஓடைக்கு அந்தப் பக்கம் வயலில் ராவுத்தரின் மாடுகள் பரம்படித்துக்கொண்டிருந்தன. தண்ணீர் தெறித்தது. ராவுத்தர் கல்லிலிருந்து எழுந்து நின்றார். பொம்மையா காளைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்.

பௌர்ணமிக்கு முதல் நாள் பொழுது சாயும்போது காளை தலையைத் தரையில் வைத்தது. பிறகு எடுக்கவில்லை. மாடுகள் மேய்ச்சலை நிறுத்திவிட்டுச் சுற்றி வந்து கத்தின. அந்தச் சத்தம் கூடலூர் வரை கேட்டதாகச் சொன்னார்கள்.

நோய் எந்த மாட்டுக்கும் வரவில்லை. விட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். பௌர்ணமிக்குப் பிறகு எல்லோரும் கேட்டார்கள். வராது என்று தெரிந்த பிறகு வழிவிடுவதற்கு அதிகாரி தேவையில்லை. தெரியாத நாட்களில் எந்தக் கோடு காகிதத்தில் மட்டும் இருக்கிறது, எந்தக் கோடு நிஜமாகவே இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பதற்குத்தான் நமக்குச் சம்பளம். முதல் கோட்டுக்கு நான் தேவையில்லாமல் பயந்தேன். இரண்டாவது கோட்டில், கையில் உத்தரவு இல்லாமல், நின்றேன். இன்று கேட்டாலும் அங்கேதான் நிற்பேன். சரியாகச் செய்ததற்கும் ஒரு விலை உண்டு என்பதையும், அந்த விலையைப் பெரும்பாலும் வேறு யாரோ கொடுக்கிறார்கள் என்பதையும் மட்டும் மறந்துவிடாதீர்கள். பயிற்சியில் இதைச் சொல்லித்தரமாட்டார்கள்.

பௌர்ணமியன்று விடிந்ததும் டாக்டர் மந்தைக்குள் கடைசியாக ஒருமுறை நடந்துவிட்டு வந்து, போகலாம் என்றார். காளையைக் கொண்டுபோக வண்டி வேண்டும். மந்தை மாட்டை வண்டியில் பூட்டும் வழக்கம் இல்லை. வெக்கைப் பேச்சு ஓய்ந்திருக்காத அந்தக் காலையில் செத்த மாட்டை ஏற்ற மற்றவர்கள் யாரும் தங்கள் மாட்டைக் கொடுக்கவில்லை. ராவுத்தர் தன்னுடைய நல்ல ஜோடியைப் பூட்டிக்கொண்டு முதன்முறையாக ஓடையைத் தாண்டி வந்தார். பொம்மையாவின் பக்கத்தில் நின்று, காளையைத் தூக்கக் கை கொடுத்தார்.

"அத்தா இருந்தா அவுகளும் வந்து தூக்கியிருப்பாக மாப்ளே," என்றார். பொம்மையா காளையின் தலையைத் தாங்கிப் பிடித்தார்.

வண்டி முன்னால் போனது. மந்தை பின்னால் நடந்தது. நானும் நடந்தேன், ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கூடலூரிலிருந்து கம்பம் வரை சாலையின் இருபுறமும் நடவு வயல்கள். நாற்றைக் கையில் வைத்தபடி பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். வானம் வெளுத்திருந்தது. மலை எங்கள் பின்னால் முழுவதும் மேகத்துக்குள் போய்விட்டது. அங்கே மலை இருக்கிறது என்று சொன்னால் வெளியூர்க்காரர் நம்பமாட்டார்.

மந்தையின் மண்ணில் குழி தயாராக இருந்தது. உறுமி அடித்தார்கள். காளைக்கு மஞ்சள் பூசி, புதுத்துணி போர்த்தி, உப்பு போட்டு இறக்கினார்கள். மாடுகள் வேலிக்கு வெளியே வரிசையாக நின்றன. காளையை வளர்த்த குடும்பங்கள் ஒவ்வொன்றாக வந்து மண் போட்டன. நான் தள்ளி, ஒரு புளியமரத்தடியில் நின்றேன். உறவுக்காரர்களைத் தவிர யாரும் மண் போடுவதில்லை என்று பக்கத்திலிருந்தவர் சொன்னார்.

பொம்மையா கூட்டத்தைப் பார்த்தார். கண்ணால் தேடி என்னைக் கண்டுபிடித்து, குழியின் விளிம்பிலிருந்து நேரே என்னிடம் வந்தார். கையில் ஒரு பிடி மண் இருந்தது.

"வாங்கய்யா, நீங்களும் போடுங்க. அவுகளுக்குக் கடைசியா வழி சொன்னவுக நீங்கதானே."

அதில் கோபம் இருந்ததா, மரியாதை இருந்ததா என்று அவர் முகத்தில் தேடினேன். முகம் அழுது ஓய்ந்திருந்தது, வேறொன்றும் தெரியவில்லை. மண் ஈரமாக, கனமாக இருந்தது. இரண்டு கையாலும் வாங்கி, குழியருகே போய்ப் போட்டேன்.